நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் அல்சர் வந்ததா?

கேள்வி இதுதான்: எண்டோஸ்கோப்பியில் (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் சோதனை) அல்சர் என்று தெரிந்துவிட்டது, வீட்டில் ஆளாளுக்கு "நேரத்துக்குச் சாப்பிடாமல் ஓடினாய், காரமாகத் தின்றாய், எல்லாவற்றுக்கும் டென்ஷன் ஆனாய், அதான்" என்கிறார்கள். உண்மையிலேயே வாழ்க்கை முறைதான் காரணமா, நாளைக்கு இது புற்றுநோயாக மாறுமா?

முதலில் நேரடியான பதில். வீட்டில் சொல்லும் மூன்று காரணங்களில் முதல் இரண்டுக்கும் வலுவான சான்று இல்லை, மூன்றாவது பாதி சரி. அல்சருக்கான இரண்டு பெரிய காரணங்களை அவர்கள் சொல்லவே இல்லை. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி. இன்னொன்று, நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் வலி மாத்திரைகள். இதில் முதலாவது ஒருவருக்கு வருமா வராதா என்பது பெரும்பாலும் அவருடைய பழக்கத்தால் முடிவாவதில்லை, அவர் எந்த மாதிரி வீட்டில் பிறந்து வளர்ந்தார் என்பதால் முடிவாகிறது. பழக்கங்களுக்கு வேலை இல்லை என்று அர்த்தமில்லை. அவை பிறகு வருகின்றன, வந்து நிலைமையை மோசமாக்குகின்றன.

வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதைத்தான் அவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1980கள் வரை அல்சர் என்றால் அமிலமும் மன அழுத்தமும்தான் என்பது மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. மணிக்கொரு தரம் பாலும் கிரீமும் கொடுப்பது, காரமில்லாத பத்தியச் சாப்பாடு, ஒன்றும் கேட்காவிட்டால் அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை, இப்படித்தான் வைத்தியம் ஓடியது. (பால் குடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அப்புறம் அதுவே அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் என்பது பிறகு தெரிந்தது.) 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இரைப்பையில் வாழும் ஒரு சுருள் வடிவக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அவ்வளவு அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று பலர் நம்ப மறுத்தார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு நிரூபித்தார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது, 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அறிவியல் இவ்வளவு தூரம் போய்விட்டது, வீட்டு ஆலோசனை மட்டும் 1970களிலேயே நிற்கிறது.

சாப்பாட்டு நேரம் விஷயத்தில் ஏன் எல்லோருக்கும் அப்படித் தோன்றுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரைப்பையைத் தாண்டியவுடன் வரும் முன்சிறுகுடலில் புண் இருந்தால் பசிக்கிற நேரத்திலும் நள்ளிரவிலும் வலிக்கும், ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். பட்டினி கிடந்தால் வலிக்கிறது, ஆகவே பட்டினியால் வந்த புண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஏற்கெனவே இருக்கிற புண்ணைப் பசி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். காரமும் அப்படித்தான். இருக்கிற புண்ணில் எரியும், சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டும், அதனால் எரிகிறவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது. ஆனால் காரம் சாப்பிட்டுச் சாப்பிட்டு அல்சர் வந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

சரி, கிருமி எப்படி வருகிறது? பெரும்பாலானவர்களுக்குச் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வாய் வழியாக, வாந்தி வழியாக, மலம் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுகிறது. ஒரே அறையில் பலர் படுத்துத் தூங்குகிற வீடு, நிறைய உடன்பிறப்புகள், நல்ல குடிநீரும் கழிப்பறையும் இல்லாத சூழல், கிருமி உள்ள அம்மா, இவையெல்லாம் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஒருமுறை வந்து குடியேறிவிட்டால் மருந்து கொடுக்காதவரை பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். வளர்ந்த பிறகு புதிதாகத் தொற்றுவது அவ்வளவு சாதாரணமில்லை. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இது இருக்கிறது என்று பல ஆண்டுகளாக மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள், வசதி குறைந்த இடங்களில் அதற்கும் மேலே, வசதியான இடங்களில் அதைவிடக் குறைவு. அதாவது நாற்பத்தைந்து வயதில் ஒருவருக்கு அல்சர் வந்தால், அதன் தொடக்கம் அவருடைய ஐந்து வயதில் அவர் வீட்டில் எத்தனை பேர் ஒரு பாயில் படுத்தார்கள் என்பதில் இருக்கலாம். இப்போது அவரை உட்காரவைத்து "டென்ஷனைக் குறை" என்று சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது?

இதற்கு மிகத் தெளிவான சாட்சி ஜப்பான். அங்கே 1950க்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோரிடம் இந்தக் கிருமி இருந்தது, இன்றைய குழந்தைகளில் மிகச் சிலரிடம்தான் இருக்கிறது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதிக்கு மருந்து காரணமில்லை. போருக்குப் பிறகு சுத்தமான குழாய்த் தண்ணீர் வந்தது, கழிவுநீர் வசதி வந்தது, குடும்பங்கள் சிறிதாயின, பிற்பாடு பிறந்த ஒவ்வொரு தலைமுறையிலும் தொற்று குறைந்துகொண்டே வந்தது. அமெரிக்காவிலும் இதே கதை கொஞ்சம் முன்னதாக நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே புற்றுநோய்ச் சாவுகளில் முன்வரிசையில் இருந்தது இரைப்பைப் புற்றுநோய். அதைக் குறைக்க யாரும் திட்டம் போடவில்லை, இப்படி ஒரு கிருமி இருப்பதே யாருக்கும் தெரியாது, ஆனாலும் சரசரவென்று குறைந்தது. வாழ்க்கைத் தரம் உயர்ந்ததும், வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்து உணவை உப்பிலும் புகையிலும் போட்டுப் பாதுகாக்க வேண்டிய தேவை போனதும், வருடம் முழுக்கப் பழங்களும் காய்கறிகளும் கிடைத்ததும்தான் காரணம் என்று சொல்கிறார்கள்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் வரும். இத்தனை பேரிடம் கிருமி இருந்தால் எல்லோருக்கும் ஏன் நோய் வரவில்லை? கிருமி உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் அல்சர் வருகிறது, புற்றுநோய் வருவது நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை. மற்றவர்கள் லேசான அழற்சியோடு, ஒன்றும் தெரியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். கிருமியின் ரகம் ஒரு காரணம், நம் மரபணு ஒரு காரணம், அப்புறம்தான் பழக்கங்கள்.

கொலம்பியாவின் நரின்யோ மாகாணத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கும் ஆய்வுகள் இதை அழகாகக் காட்டுகின்றன. அங்கே ஆண்டிஸ் மலைமேல் துக்கேரஸ், கீழே பசிபிக் கடற்கரையில் துமாக்கோ, இரண்டு ஊர்களிலும் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி இருக்கிறது. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் மலையில் கடற்கரையைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகம். கடற்கரைக்காரர்கள் மீனும் பழமும் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள், அது ஒரு பக்கம். மலைக்காரர்களின் உடம்பு பூர்வகுடி வம்சாவளி, அவர்கள் வயிற்றில் இருக்கும் கிருமியோ ஐரோப்பாவிலிருந்து வந்த ரகம், இரண்டும் ஒன்றுக்கொன்று பழகாதவை என்பது இன்னொரு பக்கம். அங்கே ஆய்வு நடத்திய பெலாயோ கொரேயா 1975லேயே, அதாவது கிருமி கண்டுபிடிக்கப்படும் முன்பே, இரைப்பைப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை என்று சொல்லிவிட்டார். முதலில் நாள்பட்ட அழற்சி, பிறகு இரைப்பையின் உள்தோல் மெலிவது, பிறகு அது குடலின் தோல் போல உருமாறுவது, பிறகு செல்கள் கோணலாவது, கடைசியில் புற்று. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பழக்கங்கள் இந்த ஒவ்வொரு படியிலும் தள்ளிவிடவோ இழுத்துப் பிடிக்கவோ செய்கின்றன.

தள்ளிவிடுபவற்றில் முதலில் உப்பு. குறிப்பாக உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய மீன், இறைச்சி, காய்கறிகள். அதிக உப்பு இரைப்பையின் பாதுகாப்புச் சளிப்படலத்தைச் சிதைத்து, கிருமியும் மற்ற நச்சுகளும் உள்தோலைத் தொட வழி செய்துகொடுக்கிறது. பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கும் நைட்ரைட் வயிற்றில் புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசமைன்களாக மாறக்கூடும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஹவாய் உட்பட அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜப்பானியர்களை 1960களில் ஆராய்ந்தபோது, குடியேறிய தலைமுறையில் இரைப்பைப் புற்றுநோய் ஓரளவு குறைந்திருந்தது, அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் நன்றாகவே குறைந்திருந்தது. ரத்தம் அதேதான், மாறியது சூழலும் சாப்பாடும்.

அடுத்தது புகைபிடித்தல், இதில் பேரமே கிடையாது. புகைபிடிப்பவர்களுக்கு அல்சர் அதிகம் வருகிறது, வந்தால் மெதுவாக ஆறுகிறது, ஆறினாலும் திரும்ப வருகிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கான ஆபத்தும் சுமார் ஒன்றரை மடங்காகிறது. அல்சர் நோயாளி காரத்தை விட்டுவிட்டுச் சிகரெட்டை வைத்துக்கொண்டிருந்தால் அது தலைகீழான பத்தியம். மதுவைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு சுமார் மூன்று பெக் அல்லது அதற்கு மேல் போகும்போது இரைப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புண் இருக்கும்போது குடித்தால் ரத்தக் கசிவு ஆபத்து தனி. உடல் பருமன், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் மேல்பகுதியில் வரும் புற்றுக்கு முக்கியக் காரணம், கீழ்ப்பகுதிப் புற்றில் அதன் பங்கு தெளிவாக இல்லை.

வலி மாத்திரைகள் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிருமி குறையக் குறைய அல்சருக்கு இவைதான் முதல் காரணமாகிக்கொண்டு வருகின்றன. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை வலியைக் குறைப்பதற்காகத் தடுக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற அதே உடல் வேதிப்பொருள்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கும் சளியையும் ரத்த ஓட்டத்தையும் பராமரிக்கிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது, மேல்பூச்சு உள்ள மாத்திரை என்றால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மருந்து ரத்தத்தில் கலந்து அங்கிருந்து வேலை செய்வதால் இந்த இரண்டும் பெரிய பாதுகாப்பு இல்லை. இதைவிட மோசம், இந்த மாத்திரைகளே வலியை அமுக்கிவிடுவதால் புண் சத்தமில்லாமல் வளர்ந்து, முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக இருக்கலாம். கிருமியும் இருந்து மாத்திரையும் போட்டால் ஆபத்து பல மடங்காகிறது. வயதானவர்கள், ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் இதய நோய்க்காக ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதோடு சேர்த்துப் போட அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது.

இதிலும் சமூகக் காரணம் ஒளிந்திருக்கிறது. நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவரும், நின்றுகொண்டே வேலை செய்கிறவரும் முதுகு வலிக்கு ஒரு வாரம் ஓய்வு எடுக்க முடியாது. லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். அதனால் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். அப்புறம் வயிறு எரிகிறது என்று அதற்கும் ஒரு மாத்திரை. இதை "வாழ்க்கை முறைப் பழக்கம்" என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத விஷயம்.

இனி மன அழுத்தம். கிருமியைக் கண்டுபிடித்த பிறகு மருத்துவ உலகம் மன அழுத்தத்தை ஒரேயடியாக ஒதுக்கித் தள்ளியது, அதுவும் சரியில்லை. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் குண்டு விழுந்த மாதங்களில் அல்சர் ஓட்டை விழுந்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது பதிவாகியிருக்கிறது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே பகுதியைத் தாக்கிய ஹன்ஷின் நிலநடுக்கத்துக்குப் பிறகு, ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் முகாம்களில் தங்கியிருந்த வயதானவர்களிடம் அதிகரித்தன. டென்மார்க்கில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு அல்சர் ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம் வந்தது, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே பாதி சரி என்றேன். ஆனால் கவனியுங்கள், இது வேலையிடத்தில் மேலாளர் திட்டியதால் வந்த ஒரு நாள் டென்ஷன் இல்லை. வீடு இடிந்தது, வேலை போனது, கடன் கழுத்தைப் பிடித்தது போன்ற நீண்ட நாள் நெருக்கடி. அப்படிப்பட்டவர்கள் தூக்கமும் இழக்கிறார்கள், சிகரெட்டும் கூடுகிறது, வலி மாத்திரையும் கூடுகிறது, அந்த வழியாகவும் பாதிப்பு வருகிறது. புற்றுநோயைப் பொறுத்தவரை மன அழுத்தமே நேரடிக் காரணம் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

இப்போது பயமுறுத்தும் கேள்வி: அல்சர் புற்றாக மாறுமா? புண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைப் பலரும் கேட்டுத் தெரிந்துகொள்வதே இல்லை. சுவீடனில் ஆயிரக்கணக்கான அல்சர் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், இரைப்பையில் புண் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரைப்பைப் புற்றுநோய் வருவது சராசரி மக்களைவிட 1.8 மடங்காக இருந்தது, முன்சிறுகுடலில் புண் இருந்தவர்களுக்கோ 0.6 மடங்குதான், அதாவது சராசரியைவிடக் குறைவு. ஒரே கிருமிதான், ஆனால் அது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் தங்கினால் அமிலம் கூடி முன்சிறுகுடலில் புண் வருகிறது, இரைப்பை முழுக்கப் பரவினால் உள்தோல் மெலிந்து அமிலம் குறைந்து புற்றுக்கான பாதை திறக்கிறது. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது, கிருமி இல்லாதவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை, முன்சிறுகுடல் புண் இருந்தவர்களிலும் யாருக்கும் வரவில்லை. அதனால் எண்டோஸ்கோப்பி அறிக்கையை எடுத்துப் புண் எங்கே என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில நேரம் அல்சர் புற்றாக "மாறுவதில்லை", முதலிலிருந்தே அது புற்றுதான், பார்க்க அல்சர் போல இருக்கும். அதனால்தான் இரைப்பைப் புண் என்றால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள், மருந்து முடிந்த பிறகு ஆறிவிட்டதா என்று மறுபடியும் எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்வார்கள். வலி போய்விட்டது என்று அதற்குப் போகாமல் இருப்பது பெரிய தப்பு. அமிலம் குறைக்கும் மாத்திரை புற்றுப் புண்ணின் வலியைக்கூட அடக்கிவிடும்.

கண்டுபிடிக்கப்படும் நேரமும் ஒரு சமூகக் காரணிதான், என் கணக்கில் உயிரா சாவா என்பதை முடிவு செய்வதில் இதற்குத்தான் பெரும்பங்கு. தென்கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை தேசியத் திட்டத்திலேயே இருக்கிறது, ஜப்பானிலும் அப்படி ஒரு திட்டம் இருக்கிறது. ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். இந்த மாதிரி ஏற்பாடு இல்லாத இடங்களில், கையிலிருக்கிற காசுக்கு மாதக்கணக்காக கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, எடை பாதியான பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள். 2022இல் மட்டும் உலகில் சுமார் 9,68,000 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது, சுமார் 6,60,000 பேர் இறந்தார்கள். ஆண்களுக்குப் பெண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது.

கிருமியை ஒழித்தால் பயனுண்டா? உண்டு. தைவானின் மாட்சு தீவுகளில் 2004லிருந்து ஊர் முழுக்கச் சோதித்து, கிருமி உள்ளவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள், இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கும் மேல் குறைந்தது. சீனாவின் லின்சூ பகுதியில் வெறும் இரண்டு வார மருந்தின் பலன் 22 ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் சோதித்துக்கொள்ள அது ஒன்றே போதுமான காரணம்.

சோதனை எளிது, மூச்சை ஊதிக் காட்டும் யூரியா சோதனை அல்லது மலப் பரிசோதனை. ஆனால் அதற்கு முன் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை அமிலம் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். எதை நிறுத்தலாம் என்பதை டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள். சிகிச்சை பெரும்பாலும் 14 நாள், ஒரு நாளைக்கு நிறைய மாத்திரைகள், வாய் கசக்கும், வயிறு கலக்கும், பாதியில் விட்டுவிடத் தோன்றும். விட்டால் மீதமுள்ள கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அது கேட்காது. முடித்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும், இதைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி அல்லது காப்பித் தூள் நிறத்தில் வாந்தி, திடீரென்று கத்தி குத்தியது போன்ற வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, ரத்த சோகை என்றால் அந்த வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுப்பாகப் போகும், அதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், வீணாகப் பதற வேண்டியதில்லை.